பேனா பிளாட்டருக்கு முதல் நிரல்: கேள்வி பதில்

விதிகளை மட்டும் நாம் எழுதிவிட்டு, படத்தை நிரலே உருவாக்கட்டும் என்று விடும் கலைக்குப் பேனா பிளாட்டர் மிகப் பொருத்தமான இயந்திரம். உண்மையான பேனாவைப் பிடித்துக்கொண்டு, கணினி சொல்லும் பாதையில் தாளில் கோடு போடும். பேனாவைத் தூக்குவது, இறக்குவது, ஓர் இடத்துக்கு நகர்த்துவது தவிர அதற்கு எதுவும் தெரியாது. புதிதாக எழுதத் தொடங்கியவர்கள் தங்கள் நிரலையும் தாளில் வந்த படத்தையும் காட்டிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அநேகமாக எல்லாச் சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றுதான்: நிரலைத் திரைக்காக எழுதிவிட்டு, அதே படத்தைத் தாளிலும் எதிர்பார்க்கிறோம்.

பொறியியல் மாணவி: அக்கா, 20-க்கு 20 என்று சதுரங்களை அடுக்கி, கீழே போகப் போக ஒவ்வொன்றையும் ரேண்டமாகத் திருப்பியிருக்கிறேன். திரையில் நன்றாக இருக்கிறது. தாளில் மேல்வரிசைகள் மட்டும் கறுத்து, சில இடங்களில் தாள் பிய்ந்துவிட்டது. பேனாவில் கோளாறா?

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் நிரலின் உட்சுழற்சி ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு பக்கங்களையும் வரைகிறது. மேல்வரிசைகளில் சதுரங்கள் இன்னும் திரும்பவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஆகவே ஒரு சதுரத்தின் வலப்பக்கமும் அடுத்ததன் இடப்பக்கமும் ஒரே கோடு. அதன்மேல் பேனா இரண்டு முறை போகிறது. திருப்பாமல் வைத்த 20-க்கு 20 கட்டத்தை எடுத்துக்கொண்டால், உங்கள் முறையில் 1600 பக்கங்கள். உண்மையில் தேவைப்படுபவை 840. ஈரமான தாளை முனை மறுபடியும் தேய்த்தால் நார் எழும்பும்.

சதுரங்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுவது எளிய வழி. ஒட்டித்தான் நிற்க வேண்டுமென்றால், வரைந்த பக்கங்களின் முனைப்புள்ளிகளை ஒரு பட்டியலில் சேர்த்து, ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடுங்கள்.

கலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கணினிக் கலைஞர் கேயார்க் நேஸ் 1960களில் கிராஃபோமாட் இசட்64 என்ற பிளாட்டரில் வரைந்த ‘ஷாட்டர்’ இதே எண்ணத்தின் மூலம்: குறுக்கே 12, நெடுக்கே 22 சதுரங்கள், மேலே ஒழுங்கு, கீழே சிதறல். அதைப் பின்பற்றித் தொடங்குவது நல்ல பயிற்சி. ஆனால் உங்கள் படத்தில் சிதறல் வரிசைக்கு வரிசை ஒரே அளவில் கூடுவதால், கண் எங்கும் நிற்பதில்லை. வரிசை எண்ணை மொத்த வரிசைகளால் வகுத்து, அதன் முப்படியைச் சிதறலின் அளவாக வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒழுங்கு நிலைத்து, பிறகு சட்டென்று குலையும். எங்கே குலைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பள்ளி மாணவர்: நேற்று மிக அழகான படம் ஒன்று வந்தது. மூடிவிட்டுத் திறந்தால் வேறு படம் வருகிறது. பழையதை மீட்க முடியுமா?

முடியாது தம்பி. ஆனால் இனி எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்ளலாம். நிரலின் தொடக்கத்தில் ஒரு விதை எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே எண்ணுக்கு எப்போதும் அதே படம்தான் வரும். நீ பயன்படுத்தும் பி5 ஜே.எஸ். என்ற வரைகலை நிரலகத்தில் ரேண்டம் எண்களுக்கு ஒரு விதை, நாய்ஸுக்கு, அதாவது சட்டென்று தாவாமல் மெல்ல மாறும் ரேண்டம் எண்களுக்கு, வேறொரு விதை. ‘ரேண்டம்சீட்’ மட்டும் எழுதினால் நாய்ஸ் தன்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ‘நாய்ஸ்சீட்’ என்பதையும் எழுது. கோப்பின் பெயரிலேயே விதை எண் வரும்படி செய். தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி வை.

அதே மாணவர்: கோடுகளின் பாதையைச் சேமித்துப் பிளாட்டருக்குத் தரும் எஸ்.வி.ஜி. கோப்பு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? பிளாட்டர் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறது.

நிரலில் ‘டிரா’ என்ற பகுதி வழக்கமாக ஒரு விநாடிக்கு 60 முறை ஓடும். திரையில் படத்தின்மேல் படம் விழுவது தெரியாது. கோப்பில் எல்லாம் சேர்ந்துவிடும். தொடக்கத்திலுள்ள ‘செட்டப்’ பகுதியில் ‘நோலூப்’ என்று ஒரு வரி சேர்த்துவிடு, ‘டிரா’ ஒருமுறை மட்டும் ஓடும்.

ஓவிய ஆசிரியர்: திரையில் கறுப்பாக நிரம்பிய வட்டங்கள், தாளில் வெறும் வளையங்களாக வருகின்றன. முன்னால் இருக்கும் வட்டத்துக்குப் பின்னால் இருப்பதும் தெரிகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

ஐயா, இவை இரண்டு வேறு சிக்கல்கள். நிரப்பு நிறம், கோட்டின் தடிமன், ஒளிபுகும் தன்மை ஆகியவை திரைக்கானவை. பிளாட்டர் பாதையை மட்டுமே படிக்கும். கறுப்பு வேண்டுமானால் கறுப்பைக் கோடுகளால் கட்ட வேண்டும். பேனாவும் தாளும் உங்களுக்குப் பழக்கமானவை என்பதால் இது எளிதில் பிடிபடும்.

நீங்கள் சொன்ன மைக்ரான் 05 பேனாவின் கோடு 0.45 மி.மீ. அகலம். கோடுகளை 0.4 மி.மீ. இடைவெளியில் போட்டால் வெள்ளை தெரியாமல் நிரம்பும், 20 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கு ஏறத்தாழ 50 கோடுகள். ஒவ்வொன்றின் நீளத்தையும் பித்தாகரஸ் தேற்றமே சொல்லிவிடும்: 10 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில், மையத்திலிருந்து 6 மி.மீ. தள்ளியிருக்கும் கோட்டின் நீளம் 16 மி.மீ. இரு முனைகளிலும் பேனா அகலத்தில் பாதியைக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் வட்டத்தின் விளிம்பு பிசிறாகத் தெரியும்.

முழுக் கறுப்பைவிட, இடைவெளியை மாற்றி மாற்றிச் சாம்பல் நிறங்களைக் கொண்டுவருவதே இந்த இயந்திரத்தின் பலம் என்பது என் கருத்து. ஒரு வட்டத்தில் 0.6 மி.மீ., இன்னொன்றில் 1.5 மி.மீ., கோணமும் வேறு என்று போட்டுப் பாருங்கள். நீங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பென்சில் நிழலிடலின் அறிவு முழுவதும் இங்கே பயன்படும்.

மறைப்பு இரண்டாவது சிக்கல். திரையில் பிந்தி வரைந்தது முந்தியதை மூடும். தாளில் மை எதையும் மூடாது. ஆகவே, பின்னாலிருக்கும் கோட்டை முன்னாலிருக்கும் வட்டத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். கோட்டுக்கும் வட்டத்துக்குமான வெட்டுப்புள்ளிகளை ஓர் இருபடிச் சமன்பாடு தந்துவிடும். வட்டங்கள் மட்டுமே என்றால் நீங்களே எழுதுங்கள், வடிவியல் கைக்கு வரும். சிக்கலான வடிவங்களுக்கு ‘விபைப்’ என்ற இலவச பைத்தான் கருவியும் அதன் ‘அக்கல்ட்’ நீட்சியும் மறைந்த கோடுகளை நீக்கித்தரும்.

மென்பொருள் பணியாளர்: பெர்லின் நாய்ஸை வைத்து, நீரோட்டம்போல வளையும் ஆயிரக்கணக்கான கோடுகளை வரைந்தேன். பார்க்கிறவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். எனக்கு நிறைவு இல்லை. எங்கே குறை?

நிறைவு இல்லை என்று தோன்றியதே நல்லது. வெளிப்படையாகச் சொல்கிறேன்: படத்தில் தெரிவது நாய்ஸின் கை; உங்கள் கை இன்னும் தெரியவில்லை. கென் பெர்லின் கணினி வரைகலைக்காக 1980களில் உருவாக்கி, 1997-ல் அதற்காகத் தொழில்நுட்ப ஆஸ்கர் விருதும் பெற்ற முறை அது. மிக அழகானது. அதனால்தான் எதைப் போட்டாலும் ஓரளவு அழகாக வந்துவிடுகிறது.

முதலில் தாளில் இருக்கும் குறையைப் பார்ப்போம். ஓட்டம் குவியும் இடங்களில் பத்து, பதினைந்து கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மை தேங்கியிருக்கிறது. திரையில் அது அடர்த்தியாகத் தெரியும், தாளில் கறையாகிறது. 1997-ல் ழோபார், லஃபேர் என்ற இருவர் இதற்கு ஒரு தெளிவான வழி சொன்னார்கள். கோட்டை ஒவ்வோர் அடியாக நீட்டும்போது, ஏற்கெனவே இருக்கும் ஏதாவது கோடு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எல்லாப் புள்ளிகளோடும் ஒப்பிட்டால் நிரல் தவழும். தாளை அந்தத் தூர அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களை மட்டும் சோதியுங்கள். அந்தத் தூரத்தைப் பேனா அகலத்தின் இரண்டு மடங்கில் தொடங்கலாம்.

இது முடிந்த பிறகு, அந்தத் தூரத்தையே படத்தின் கருவாக்குங்கள். ஒரு மூலையில் நெருக்கம், மறுமூலையில் பரப்பு. அல்லது கோணத்தை எட்டுத் திசைகளுக்குள் அடக்குங்கள். அல்லது எதுவும் நுழையாத ஒரு வெற்றிடத்தை நடுவில் வையுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தொடராக வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணினிக் கலையின் முன்னோடி ஓவியர் வேரா மோல்னார் இப்படித்தான் வேலை செய்தார். புடாபெஸ்டில் 1924-ல் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1968-ல் கணினி கைக்குக் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கற்பனை இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, விதிகளை எழுதிக் கையாலேயே ஒவ்வொரு மாற்றத்தையும் வரைந்து பார்த்தவர். ஒழுங்கில் ஒரே ஒரு விழுக்காடு குலைவு போதும் என்பது அவர் ஆய்ந்த எல்லை. ரேண்டம் என்பதை எவ்வளவு குறைவாகப் போடலாம் என்று தேடிப்பாருங்கள். உங்கள் நிரலில் ரேண்டம் பதினோரு இடங்களில் வருகிறது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்தும் படம் மாறவில்லையென்றால் அது தேவையில்லை.

கட்டடக்கலை மாணவர்: ஏ4 அளவுக்கு வரைந்த படம் சிறியதாகி மூலையில் வந்து விழுகிறது.

பிக்சலை மில்லிமீட்டராக எண்ணிவிட்டீர்கள். எஸ்.வி.ஜி.-யில் அலகு குறிப்பிடாவிட்டால் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. ஏ4 தாளின் 210 மி.மீ. என்பது ஏறத்தாழ 793.7 பிக்சல். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் 2017-க்கு முந்தைய பதிப்புகள் 90 என்று எண்ணியதால், பழைய கோப்புகளில் வேறு அளவு வரும். நிரல் முழுவதையும் மில்லிமீட்டரில் எழுதி, கடைசியில் ஒருமுறை பெருக்குங்கள். விளிம்பில் 15 மி.மீ. விடுவதும் நல்லது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை: புள்ளிகளை வைத்து, கோடு எங்கே குறுக்கிட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ரேண்டமாக முடிவு செய்து சிக்குக் கோலம் வரைகிறேன். ஒரே கம்பியாக வராமல் ஐந்தாறு கண்ணிகளாகப் பிரிந்துவிடுகிறது.

அம்மா, உங்கள் நிரல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோலத்தையும் கணினியையும் சேர்த்துப் பார்க்கும் மரபு சென்னையிலேயே உண்டு: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்துக்கு இலக்கணம் வகுத்த ஆய்வுக் கட்டுரை 1974-ல் வெளிவந்தது.

உங்கள் சிக்கலுக்கு விடை உங்கள் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இரு கோடுகள் சந்திக்கின்றன. அங்கே குறுக்கிடும் அல்லது விலகித் திரும்பும். முதலில் ஒரு கோட்டைப் பிடித்து, அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்வரை போய், வழியெல்லாம் 1 என்று எண் போடுங்கள். எண் விழாத இடம் ஒன்றிலிருந்து அடுத்த கண்ணியைப் பிடித்து 2 போடுங்கள். எல்லாம் முடிந்ததும், வெவ்வேறு எண்ணுள்ள கோடுகள் சந்திக்கும் இடம் ஒன்றைத் தேடி, அங்கே மட்டும் முடிவைத் தலைகீழாக்குங்கள்: குறுக்கீடு இருந்தால் திருப்பம், திருப்பம் இருந்தால் குறுக்கீடு. அந்த இரண்டு கண்ணிகளும் கட்டாயம் ஒன்றாகிவிடும். ஒரே எண் மிஞ்சும்வரை இதையே செய்யலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஓரிடத்தை மட்டும் மாற்றினால் நான்கு பக்கச் சமச்சீர் கெடும். அதைக் காக்க நான்கு இடங்களையும் சேர்த்து மாற்றினால், கண்ணிகள் ஒன்றாகும் என்ற உறுதி கிடையாது. மறுபடியும் எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஒரே கம்பியா, முழுச் சமச்சீரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அது.

இப்போது சிறு சிறு வில்களாகக் கோப்பில் சேமிக்கிறீர்கள். அவற்றை ஒரே பாதையாகக் கோத்துவிடுங்கள். ஒற்றைக் கம்பிக் கோலத்தில் பேனா ஒருமுறை இறங்கினால் முடியும்வரை எழ வேண்டியதில்லை. பிளாட்டருக்கு இதைவிட இசைவான படம் எனக்குத் தெரியாது.

கைத்தொழில் ஆர்வலர்: நானே செய்த பிளாட்டர். ஒரு படத்துக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. மோட்டார் வேகத்தைக் கூட்டலாமா?

வேகத்தைத் தொடாதீர்கள். உங்கள் கோப்பில் கோடுகள் நிரலில் பிறந்த வரிசையிலேயே கிடக்கின்றன. பேனா தாளின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வெறுமனே பறந்துகொண்டிருக்கிறது. விபைப்பில் முனைகள் தொடும் கோடுகளை இணைக்கவும், அருகிலிருப்பதை அடுத்ததாக வைக்கவும் கட்டளைகள் உண்டு. அந்த வரிசையில் இரண்டையும் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் இருக்கும் புள்ளிகளைக் குறையுங்கள், 0.05 மி.மீ. பிழையைக் கண் காணாது.

வட்டங்கள் எல்லாவற்றிலும் வலப்பக்கம் ஒரு மைப்பொட்டு தெரிவது, எல்லாம் ஒரே கோணத்தில் தொடங்குவதால். தொடக்கப் புள்ளியை வட்டத்துக்கு வட்டம் மாற்றிவிட்டால் பொட்டுகள் வரிசையாகத் தெரியாது. அதே வட்டங்களில் தொடக்கமும் முடிவும் சேரவில்லை என்பதையும் கவனித்தேன். அது நிரலின் பிழையாகத் தெரியவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள், பேனாப் பிடி ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

கல்லூரி மாணவி: நிரலைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது எதையெல்லாம் தர வேண்டும்?

தாளின் புகைப்படம் முதலில். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தால் மை தேங்கியதும் தாள் நார் எழும்பியதும் தெரியும். விதை எண், பேனாவின் அகலம், தாளின் கனம், படத்தின் அளவு ஆகியவை அடுத்து. இவற்றோடு, என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்று இரண்டு வரி. இது இல்லாமல் வரும் நிரலுக்கு, பிழையைச் சொல்லலாம். படத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அதே மாணவி: இரண்டு நிறங்களில் வரைந்தால் மஞ்சள் அழுக்காகிறது.

மஞ்சளை முதலில் வரையுங்கள். கறுப்பின்மேல் மஞ்சள் போனால், முனை கறுப்பை வாரிக்கொண்டு போகும், பேனாவும் கெடும். ஒவ்வொரு நிறத்தையும் தனி அடுக்காகச் சேமித்து, முதல் நிறம் நன்றாக உலர்ந்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். தாளின் நான்கு மூலைகளையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, கடைசி நிறம் முடியும்வரை எடுக்காதீர்கள்.