வாசகர் கேள்வி – பதில்: தொட்டியில் வளரும் பாம் செடிகள்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். வரவேற்பறையில் இருக்கும் அரிகா பாம் செடியின் ஓலை நுனிகள் பழுப்பாகிக் கருகிக்கொண்டே வருகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் இரண்டு வேளை ஒரு குவளை ஊற்றுகிறேன். ஆனாலும் நுனி கருகுவது நிற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: நுனி காய்ந்ததும் செடிக்குத் தாகம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் வளரும் அரிகா பாமுக்கு நுனி கருகுவதன் காரணம் பெரும்பாலும் உப்பாகவே இருக்கிறது. குடியிருப்புகளின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர். செடி அந்த நீரை வேர் வழியாக இழுத்து, இலை வழியாக ஆவியாக விடும்போது, அதில் கரைந்திருந்த உப்புகள் நீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஓலை நுனியில் தங்கி, அந்த இடத்தைச் சுட்டுவிடுகின்றன. நீங்கள் வேளைக்கு ஒரு குவளையாக ஊற்றும் நீர் மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு ஆவியாகிப் போகிறது. அது கொண்டுவந்த உப்பு மட்டும் தொட்டிக்குள்ளேயே தங்கி நாளுக்கு நாள் சேர்கிறது. மண்ணின் மேற்பரப்பையும் தொட்டியின் விளிம்பையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிபோல உப்புப் பூத்திருந்தால் வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

தொட்டியைக் குளியலறைக்கோ மொட்டை மாடிக்கோ நகர்த்தி, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீரை, அதாவது 12 அங்குலத் தொட்டியென்றால் ஏறக்குறைய மூன்று வாளி நீரை, அவசரப்படாமல் ஊற்றி அடித்துளை வழியாக முழுவதும் வடியவிடுங்கள். முதலில் தேநீர் நிறத்தில் வரும் நீர் போகப் போகத் தெளியும். இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு அலசிவிட்டால் போதும். அதன்பின், ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாத நாளில் மட்டும், அடியில் வழியும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அலசி வெளியேற்றிய உப்பையே செடி மறுபடி உறிஞ்சும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த நீர், உள்ளே போன நீரைவிட அதிக உப்புடன் வெளியே வருவது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இராது என்பதால், அதைக் குழாய் நீரோடு கலந்து ஊற்றலாம். எல்லாவற்றிலும் சிறந்தது மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடிக்கும் நாள்களில் தொட்டியை இரவு முழுவதும் வெளியே வைத்துவிடுங்கள். கூடவே, ஏ.சி.யின் காற்று செடியின்மேல் நேராக வீசாதபடி இடத்தை மாற்றுங்கள். வறண்ட குளிர்காற்றும் இதே வேலையைச் செய்யும்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. பார்வைக்கு உறுத்தினால், பழுப்பில் ஒரு நூலளவு விட்டுக் கத்தரியுங்கள். பச்சைக்குள் வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து புதிதாகக் காயத் தொடங்கும். ஒரு தண்டு ஓராண்டில் விடுவது சில ஓலைகளைத்தான். ஆகவே இன்று கண்ணில் படும் கருகல் சில மாதங்களுக்கு முந்தைய தவற்றின் விளைவு. பழைய ஓலைகளைப் பார்த்துக் கவலைப்படாமல், இனி விரியும் குருத்தின் நுனி சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.

கேள்வி: என் அரிகா பாமின் தண்டும் ஓலைக்காம்பும் மஞ்சளாகி, அவற்றின்மேல் மிளகைத் தூளாக்கித் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தென்படுகின்றன. பூஞ்சை நோயா? இந்தச் செடி பாக்குக் காய்க்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த இந்தச் செடியின் இயல்பான நிறமே அதுதான். வெளிச்சம் நன்றாகக் கிடைத்தால் காம்பு பொன்மஞ்சளாகும், நிழலில் பச்சையாகவே இருக்கும். புள்ளிகளும் பிறவியிலேயே உள்ளவை. கமுகின் தாவரவியல் பெயரிலும் அரிகா என்ற சொல் வருவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. உங்கள் தொட்டியில் இருப்பது வேறு பேரினம். வெற்றிலைக்கு வேண்டிய பாக்கைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: அடி ஓலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு காய்கின்றன. தோட்டக்காரர் மாதந்தோறும் அவற்றை வெட்டிவிட்டு யூரியா வைக்கிறார். அப்படியும் மஞ்சள் அடுத்த ஓலைக்கு ஏறுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ‘காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்’ என்பார்கள். செடியின் கணக்குப்படி பார்த்தால், குருத்தோலை சிரிப்பதே காவோலையின் செலவில்தான். சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம் மண்ணில் குறையும்போது, பாம் செடி தன் அடி ஓலைகளில் இருக்கும் பொட்டாசியத்தை உருவி எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் பழைய ஓலைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமான புள்ளிகள் விழுந்து, நுனியிலிருந்து காய்ச்சல் ஏறுகிறது. உங்கள் தோட்டக்காரர் பாதிச் சத்தோடு இருக்கும் அந்த ஓலையை வெட்டி எடுக்கும்போது, செடியின் சேமிப்பையே எடுத்துவிடுகிறார். அடுத்த மாதம் செடி இன்னும் மேலே உள்ள ஓலையில் கைவைக்கிறது. போதாக்குறைக்கு யூரியா வளர்ச்சியைத் தூண்டுவதால் பொட்டாசியத்தின் தேவை மேலும் கூடுகிறது. ஆகவே, முழுவதும் காய்ந்து, காம்பும் பழுப்பான ஓலையை மட்டுமே நீக்கச் சொல்லுங்கள்.

எந்த ஓலையில் குறை தெரிகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கணித்துவிடலாம். பழைய ஓலைகளில் புள்ளி விழுந்தால் பொட்டாசியக் குறை. பழைய ஓலையின் விளிம்பு அகலமாக மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. புதிய ஓலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் விரிந்தால், இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். அதற்குத் தொட்டியில் நீர் தேங்குவதோ, மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். புதிய ஓலை சுருங்கி, தீயில் காட்டியதுபோல் வெளிவந்தால் மாங்கனீசுக் குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

பாம் செடிகளின் ஊட்டத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், நிலத்தில் வளரும் பாம் மரங்களுக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்துகள் 8:2:12 என்ற விகிதத்தில் மக்னீசியத்தோடு சேர்ந்திருக்கும், மெதுவாகக் கரையும் உரத்தைப் பரிந்துரைக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டி.ஏ.பி. உரத்தில் சாம்பல் சத்து அறவே இல்லை என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் பொட்டாசியம் சல்பேட் என்ற அளவில் கரைத்து மாதம் ஒருமுறை ஈரமண்ணில் ஊற்றுங்கள். மக்னீசியத்துக்கு நான்கு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு போதும். அதை வேறொரு வாரத்தில் கொடுக்கலாம். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு என்றாலும், அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி இரும்பையும் மாங்கனீசையும் பூட்டிவிடும் என்பதால், தொட்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: எங்கள் அரிகா பாம் செடி கூரையைத் தொட்டுவிட்டது. மற்றச் செடிகளைப்போல் பக்கக் கிளை விடும் என்று நம்பி, உயரமான இரண்டு தண்டுகளின் தலையை வெட்டினேன். மூன்று மாதமாகியும் துளிர்க்கவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: துளிர்க்காது. அந்த இரண்டு தண்டுகளையும் மண்மட்டத்துக்கு அறுத்து எடுத்துவிடுங்கள்.

தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை, பனை, கமுகு மூன்றுமே புல். வேம்பிலும் புளியிலும் பட்டைக்கு உள்ளே வளர்படலம் ஒன்று இருப்பதால் அவை ஆண்டுதோறும் பருக்கின்றன, வெட்டுக்காயத்தையும் மூடிக்கொள்கின்றன. பனைக் குடும்பத்துக்கு அந்தப் படலம் கிடையாது. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படிகள், மரம் எத்தனை ஆண்டுகள் வளர்ந்தாலும் மூடாமல் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு ஒரு தண்டுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அழித்துவிட்டால் தென்னையே போய்விடும் என்று விவசாயி பதறுவது இதனால்தான். நீங்கள் கத்தரிக்கோலால் செய்தது அந்த வண்டின் வேலை.

ஆனாலும் உங்கள் செடி பிழைத்துக்கொள்ளும். அரிகா பாம் அடியிலிருந்து பக்கக்கன்றுகளை விட்டுப் புதராக வளரும் இனம் என்பதால், மற்றத் தண்டுகள் தொடர்ந்து வளரும். இனியும் உயரம் மிஞ்சினால், மிக உயர்ந்த தண்டை மட்டும் ஆண்டுக்கு ஒன்றாக அடியோடு எடுங்கள். ஒற்றைத் தண்டு வகைகளான ஃபாக்ஸ்டெயில் பாமிலோ பாட்டில் பாமிலோ இந்த வழி இல்லை. அவற்றை உயரம் குறைந்த கூரைக்குக் கீழே வளர்க்க நினைப்பதே தவறு.

கேள்வி: பாம் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்று நர்சரியில் விற்கிறார்கள். உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: 1989ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வறிக்கையில் மூங்கில் பாம் இடம்பெற்றது உண்மை. ஆனால் சோதனை நடந்தது காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளில். காற்று வந்து போகும் வீட்டில் அதே பயன் கிடைக்க, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான ஒரு மீளாய்வு கணக்கிட்டது. அழகுக்காக வாங்குங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: கோடையில் ஓலைகள் பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளோடு சாம்பல் பூத்துவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் இரண்டு நாள் பளபளக்கிறது, பிறகு பழையபடிதான்.
– வாசகி, வேலூர்

பதில்: ஒரு வெள்ளைத் தாளை ஓலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, ஓலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். வெயிலும் வறட்சியும் கூடும் பங்குனி, சித்திரை மாதங்களில் அவை வேகமாகப் பெருகும். முற்றிய நிலையில் ஓலைக்கும் காம்புக்கும் இடையில் மெல்லிய நூலாம்படையும் தெரியும். எண்ணெய் தடவினால் இலைத் துளைகள் அடைபடுவதோடு தூசியும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே அதை நிறுத்திவிடுங்கள். ஓலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதுதான் முதல் மருந்து. அடுத்து, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் நன்றாகக் கலந்து, வெயில் தாழ்ந்தபின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால், வாரம் ஒருமுறையாக மூன்று வாரமாவது தொடர வேண்டும். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இதே கரைசல் உதவும்.

கேள்வி: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. புதிதாக வாங்கிய சாகோ பாமின் ஓலையைக் கடித்து விளையாடுகிறது. ஆபத்து உண்டா? ஜவ்வரிசி இந்த மரத்திலிருந்துதானே வருகிறது?
– வாசகர், சேலம்

பதில்: இதைப் படித்ததும் அந்தத் தொட்டியை நாய்க்குட்டி நெருங்க முடியாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். சாகோ பாம் என்ற பெயரில் விற்கப்படுவது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அது பூக்காத தாவரங்களில் ஒன்றான சைகஸ். பனையைவிடப் பைன் மரத்துக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாக விதைகளில், நாய் பூனைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. குட்டி ஓலையை மென்று விழுங்கியிருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, மறுநாள்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஒரு துண்டு ஓலையையும் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். அரிகா பாம், பார்லர் பாம், கெண்டியா பாம் ஆகியவை செல்லப் பிராணிகளுக்குத் தீங்கு செய்யாதவை.

உண்மையான சாகோ மாவு நியூகினி, இந்தோனேசியப் பகுதிகளில் வளரும் வேறொரு பனையின் தண்டிலிருந்து கிடைப்பது. உங்கள் ஊர் ஜவ்வரிசியோ, சுற்றுவட்டார வயல்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது.

கேள்வி: தொட்டியின் அடித்துளை வழியாக வேர்கள் எட்டிப் பார்க்கின்றன. எப்போது, எப்படிப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பாம் செடிக்கு நெருக்கமான தொட்டி பிடிக்கும் என்பதால் அவசரம் இல்லை, இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கத்திரி வெயில் தணிந்து ஆடி பிறந்தபின் செய்யுங்கள். பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டியில், செம்மண், ஆற்றுமணல், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல் வேர்ப்பந்தை உதிர்ப்பதோ, வேரைக் கத்தரிப்பதோ கூடாது. பழைய தொட்டியில் தண்டு எந்த மட்டத்தில் மண்ணைத் தொட்டதோ, அதே மட்டத்தில் நிற்க வேண்டும். செடி ஆடாமல் இருக்கட்டும் என்று நான்கு விரற்கடை ஆழமாகப் புதைத்து, ஓர் ஆண்டு கழித்து அடித்தண்டு அழுகிப் போன ஒரு பார்லர் பாம் என் கணக்கிலும் உண்டு. ஆடினால் ஒரு மூங்கில் குச்சியை நட்டுக் கட்டிவிடுங்கள். மாற்றியபின் இரண்டு மாதத்துக்கு உரம் வேண்டாம், நேர்வெயிலும் வேண்டாம்.