நிஜப் பெயரில் ஒரு கற்பனைக் கல்யாணம்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து ஐந்து பேர் வந்து, கிராமத்தில் வளரும் பெண்பிள்ளைகளைப் பற்றி டாக்குமென்டரி எடுக்கிறோம் என்றார்கள். அப்போது 12 வயதான என் மகள், அப்பத்தாவோடு கொட்டான் பின்னுவது, ஆடு ஓட்டிப் போவது, ஊருணியில் குளிப்பது என்று ஒரு மாதம் எடுத்தார்கள். இங்கிலீஷில் அடித்த இரண்டு பக்கத் தாளில் என்னிடமும் அவளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது டிரெய்லர் வந்திருக்கிறது. மகள் சொந்தப் பெயரோடு வருகிறாள், ஊர்ப் பலகையும் தெரிகிறது. ஆனால் குடித்துவிட்டு வரும் அப்பா, மாமன் மகனுக்கு அவளைப் பேசி முடிப்பது என்று நடக்காததெல்லாம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். அப்பா கையெழுத்து இல்லாததால் அந்தத் தாள் செல்லாது என்கிறார் கணவர். படத்தை நிறுத்த முடியுமா? மகளோ, 'படம் வரட்டும்மா, அப்பாவை அப்படிக் காட்டுறத மட்டும் எடுக்கச் சொல்லு' என்கிறாள்.

பதில்: சகோதரி, உங்கள் மகள் கேட்பதுதான் சட்டப்படியும் வலுவான கோரிக்கை. அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

படம் முழுவதையும் நிறுத்தக் கேட்டால் நீதிமன்றம் எளிதில் இறங்கிவராது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிராக வந்த வழக்கில், ஒரு தரப்புக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகப் படத்தை முடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. நிஜ மனிதர்களை அவர்களாகவே நடிக்கவைத்து, நடுவில் கற்பனையைக் கோத்து எடுக்கும் ஆவணப் புனைவும் முறையான கலை வடிவம்தான். நம் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொந்தக் காசு போட்டு எடுக்க வருகிறவர்கள் குறைவு. அதனால் படம் பிழைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளையின் பெயரையும் ஊரையும் நிஜமாக வைத்துக்கொண்டு, அவள் வீட்டுக் கதையைப் பொய்யாக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

நம் பக்கம் ஷூட்டிங் புதிதல்ல. ஏவி.எம். ஸ்டுடியோவே தேவகோட்டை ரஸ்தாவில் இருந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனது. பெரிய வீடுகளை வாடகைக்கு விட்டுப் பழகிய ஊர் என்பதால், கேமராவோடு வருகிறவர்கள் நீட்டும் தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்தத் தாளுக்கு வருவோம். மகள் போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் கையெழுத்து செல்லாது என்று உங்கள் கணவர் சொல்வது சரியல்ல. தகப்பன் அருகில் இல்லாமல் தாய்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள் என்றால் தாயும் இயற்கைப் பாதுகாவலர்தான் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்கள் என்பதுதான் இங்கே கேள்வி. டாக்குமென்டரி என்று வாயால் சொல்லிவிட்டு, உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் கற்பனை சேர்க்கும் உரிமையையும் எழுதி வாங்கியிருந்தால், அது தவறான தகவல் சொல்லிப் பெற்ற சம்மதம். ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அதை நீங்கள் ரத்து செய்யலாம். தாளின் நகல் கையில் இல்லையென்றால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அவர்களுக்குத்தான் சங்கடம் தரக்கூடிய ஒரு விஷயம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் படத்தில் நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கவும் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகள் இவை. அனுமதி வாங்கினார்களா என்று சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். 'நானே மாட்டிக்கொள்வேனோ' என்று பயப்பட வேண்டாம், முதல் தடவை என்றால் இந்தச் சட்டத்தில் பெற்றோருக்குத் தண்டனை இல்லை.

கல்யாணக் காட்சியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். குழந்தைத் திருமணத்துக்குத் துணைபோகும் தகப்பனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. நிஜப் பெயர், நிஜ ஊர், நிஜ முகத்தோடு அப்படி ஒரு காட்சி வந்தால் பார்ப்பவர் உங்கள் வீட்டில் குற்றம் நடந்ததாகத்தான் நினைப்பார். யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டால் அதிகாரிகள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். 'சில காட்சிகள் கற்பனையே' என்று ஓரமாக ஒரு வரி போட்டு இதிலிருந்து தப்ப முடியாது. ஒருவரின் குடும்பம், திருமணம், கல்வி பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று, நம் தமிழ்நாட்டிலிருந்து போன நக்கீரன் வழக்கிலேயே 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவதூறு வழக்கும் போடலாம்தான். ஆனால் உங்கள் கணவர்தான் அதைப் போட வேண்டும், அவர் லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு அது வேண்டாம்.

ஊருணிக் காட்சியை மட்டும் நீங்களே தனியாகப் பாருங்கள். ஈரத் துணியில் பிள்ளையின் உடம்பு தெரிகிற மாதிரி ஒரு ஷாட் இருந்தாலும் அதில் பேச்சுவார்த்தையே கூடாது. ஆபாசமாக எடுத்திருந்தால் போக்சோ சட்டம் வரைக்கும் போகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். டிரெய்லரைத் தேதி தெரிகிற மாதிரி முதலில் பதிவு செய்து வையுங்கள். அப்புறம் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அப்பா குடிப்பதாகவும் கல்யாணம் பேசுவதாகவும் உள்ள காட்சிகளை நீக்க வேண்டும், முடியாதென்றால் பெயரையும் ஊர்ப் பலகையையும் எடுத்துவிட்டு, அது கற்பனை என்று அந்தக் காட்சியிலேயே தெரியவைக்க வேண்டும், எங்கேயும் திரையிடுமுன் படம் முழுவதையும் உங்கள் இருவருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். மகள் தன் கருத்தைத் தன் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுதட்டும், அதையும் இணையுங்கள். அந்தக் காட்சியை எப்படிச் சொல்லிக்கொடுத்து எடுத்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பதில் வராவிட்டால், மகள் சார்பில் நீங்கள் நின்று உரிமையியல் நீதிமன்றத்தில் அந்தக் காட்சிகளுக்கு மட்டும் தடை கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். போகும்போது அந்த இரண்டு பக்கத் தாளையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.