ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை விட்டுவிடலாமா?

கேள்வி: தறி ஓட்டுகிறேன், வயது 44. கொஞ்ச நாளாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. அதனால் பிரஷ்ஷை விட்டுவிட்டு உப்பும் கரித்தூளும் தொட்டு விரலால் தேய்க்கிறேன். கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்கிறார்கள் தறிக்குடோனில். எங்கள் அப்புச்சி கடைசிவரை வேப்பங்குச்சிதான், வயதான காலத்திலும் கரும்பு கடித்தார். நான் என்ன செய்வதுங்க?
- பெயர் வேண்டாம், சோமனூர்

பதில்: முதலில் பிரஷ்ஷைத் திரும்ப எடுங்கள். ரத்தம் வருவது பெரும்பாலும் பிரஷ்ஷால் அல்ல, ஈறு ஓரத்தில் படிந்திருக்கும் அழுக்கால். அது இருக்கும்வரை ஈறு வீங்கியே இருக்கும், தொட்டாலே கசியும். அந்த இடுக்கை விரல் சரியாகத் துடைக்காது. கரித்தூள் போடும் வேலை வேறு: பல்லின் மேல்பூச்சான எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ்ஷாக வாங்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் 2 நிமிடம் துலக்குங்கள். பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்கட்டும்.

குடோனில் சொல்வது பாதி கண்ணால் கண்டதுதான், காரணம்தான் தப்பு. நாள்பட்ட அழுக்கு கல்லாக இறுகினால் அது காரை. பிரஷ்ஷுக்கு அது அசையாது. காரையை விட்டுவைத்தால் ஈறு இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். அப்படி ஏற்கெனவே பிடி தளர்ந்த பல்லுக்குக் காரைதான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி கிளீனிங் மேல் விழுகிறது. கிளீனிங் செய்தபின் சில நாள் பல் கூசும், இடைவெளி தெரியும், அவ்வளவுதான். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது.

அப்புச்சி விஷயத்துக்கு வருவோம். வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் காலத்துக் கம்பஞ்சோறு வேறு, ராத்திரி ஷிஃப்ட்டில் தூக்கம் வராமலிருக்க நாம் குடிக்கும் சர்க்கரை டீ வேறு. எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் பல்லுக்குக் கணக்கு. தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் படுக்கப் போகுமுன் துலக்குவதுதான் முக்கியம். ஷிஃப்ட் முடிந்து காலையில் படுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அதுதான் ராத்திரி. துலக்கியபின் டீ கூடாது.

அப்புறம், இந்த வயதில் ஈறு கசிந்தால் சர்க்கரை நோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்கும். சீழ் வந்தாலோ பல் ஆடினாலோ தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.