டயர் சங்கிலி இல்லாவிட்டால் அபராதமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் இரண்டு லாரிகள் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஓடுகின்றன. குளிர்காலத்தில், வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாயில், டயர் சங்கிலி (பனியில் சறுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுவது) இல்லாத லாரிக்கு அபராதம் போடுவார்களாம். சங்கிலியோடு 'குளிர்காலச் சான்றிதழும்' வாங்கித் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லாரியில் சங்கிலி இருந்தே ஆக வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்லவில்லை. அப்படியொரு சான்றிதழும் கிடையாது. அமெரிக்காவில் கொலராடோவின் ஐ-70 மலைச்சாலையில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை பெரிய லாரிகள் சங்கிலி வைத்திருக்க வேண்டும். அந்த ஊர் விதியை இந்த ஊர் விலைக்கு விற்கிறார் உங்கள் ஏஜென்ட். லாரித் தகுதிச் சோதனைக்கு வெளியே நின்று 'நான் முடித்துத் தருகிறேன்' என்பவர்களும் இதே ரகம்தான். கையில் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். 2024 செப்டம்பரில், அந்தக் கணவாய் வழியே போகும் என்3 நெடுஞ்சாலையில் இரவு முழுக்க வண்டிகள் சிக்கிக் கிடந்தன. முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டால், உங்கள் சங்கிலி என்ன செய்யும்? மூடுகிற செய்தியும் பெரும்பாலும் லாரி பாதி மலை ஏறிய பிறகுதான் வந்து சேர்கிறது. அதனால் பனி எச்சரிக்கை வந்த அன்று லாரியை யார்டிலேயே நிறுத்துங்கள். சரக்குக்காரர் கத்தினால் கத்தட்டும்.

போலீஸ் பார்ப்பது டயரின் மேலுள்ள வரிப் பள்ளத்தின் ஆழத்தை. சட்டப்படி 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஈரச் சாலைக்கே அது பத்தாது. என்னைக் கேட்டால் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மாற்றிவிடுவேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பக்கத்து நாடான லெசோத்தோவின் மலைக்குள் போகும் லாரி. புத்தா-புத்தேயிலிருந்து மொகோட்லாங் போகும் சாலை மஹ்லாசெலா கணவாயில் 3,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வான் ரீனன் அதில் பாதி உயரம்தான். அங்கே சட்டம் என்ன சொன்னாலும் சரி, சங்கிலி வைத்திருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்குங்கள். எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் மாட்ட வேண்டும், முன்சக்கரத்தில் மட்டும் மாட்டிப் பயனில்லை. டிரெய்லர் பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க அதற்கும் ஒரு ஜோடி வேண்டும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அறுந்து பிரேக் குழாயை அடிக்கும். முதலில் யார்டில், பகலில், டிரைவரே இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். இருட்டில், விறைத்த விரலோடு, முதல் தடவையாகக் கற்றுக்கொள்ளும் வேலையில்லை இது.

அந்த ஏஜென்டிடம் முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். ரசீது தந்திருக்க மாட்டார்.