தாய்மாமன் சீரை தபால்ல அனுப்பலாமா?

சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு. அக்கா மகளுக்கு அடுத்த மாசம் பட்டுக்கோட்டையில காதுகுத்து, இவருக்கு லீவு கிடைக்கல. தாய்மாமன் சீரா ஒரு சவரன் செயினும் 2,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அனுப்பணும். ரூம்ல இருக்கறவங்க, செயினை மைலோ டப்பாவுக்குள்ள போடு, நோட்டை கார்பன் பேப்பர்ல சுத்தி புடவை மடிப்புல வை, ரெஜிஸ்டர் தபால்ல போட்டா பத்திரமா போயிரும், நாங்க அப்படித்தான் அனுப்புறோம்னு சொல்றாங்களாம். இதுல ரிஸ்க் இருக்கான்னு கேக்குறாரு.

அனுப்பாதீங்க தம்பி. ரெண்டையுமே அனுப்பாதீங்க. காரணத்தையும் முழுசா சொல்றேன், ஏன்னா உங்க ரூம்ல இருக்கறவங்களுக்கும் இது தெரியணும்.

முதல்ல பணம். இந்தியாவுல ஃபெமாங்கற அந்நிய செலாவணி சட்டத்துக்கு கீழ 2015ல ரிசர்வ் வங்கி போட்ட கரன்சி விதி ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு சொல்லுக்கு நடுவுலதான் விஷயமே இருக்கு, "கொண்டு வர்றது" ஒண்ணு, "அனுப்புறது" ஒண்ணு. ஆளு நேர்ல கையில கொண்டு வந்தா வெளிநாட்டு பணம் எவ்வளவு வேணா கொண்டு வரலாம், நோட்டு மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல போனாலோ, செக்கு நோட்டு எல்லாம் சேத்து 10,000 டாலரை தாண்டினாலோ ஏர்போர்ட்ல எழுதி குடுக்கணும், அவ்வளவுதான். அதே பணத்தை ஆளு இல்லாம அனுப்புனா கதையே வேற. வேற எந்த ரூபத்துல வேணா அனுப்பு, கரன்சி நோட்டாவும் டிராவலர்ஸ் செக்காவும் மட்டும் அனுப்பாதேங்குது விதி. அப்போ உங்க 2,000 வெள்ளி கவருக்குள்ள போன அந்த நிமிஷமே தப்பான பணம் ஆயிருது, பிடிபட்டா பறிமுதல் பண்ணலாம், அதுக்கு மேல தொகையில மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடவும் சட்டத்துல இடம் இருக்கு. நீங்க வேர்வை சிந்தி சம்பாதிச்ச பணம் தம்பி, அதை நீங்களே கொண்டுபோய் இப்படி ஒரு இடத்துல நிறுத்தாதீங்க.

அடுத்து தபால்காரங்க பக்கம் என்ன விதின்னு பாருங்க. நாட்டுக்கு நாடு தபால் போறதுக்கு 1874ல இருந்து உலக தபால் சங்கம்னு ஒண்ணு இருக்கு. அதோட ஒப்பந்தத்துல நோட்டு, நாணயம், தங்கம், வெள்ளி, ரத்தினக்கல், நகை இதெல்லாம் இன்சூர் பண்ணாத பார்சல்ல வைக்கவே கூடாது, கவர்லயும் பொதுவா கூடாது. இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறாங்க, ரெஜிஸ்டர்னா இன்சூர்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டும் வேற வேற. கவுன்ட்டர்ல குடுக்குற ஸ்டிக்கர்ல நம்பரோட முதல் எழுத்தை பாருங்க, ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, ஒன்பது நம்பர், கடைசில நாட்டு கோடு இருக்கும். ஆர்-ல ஆரம்பிச்சா ரெஜிஸ்டர், சி-ல ஆரம்பிச்சா பார்சல், ஈ-ன்னா ஸ்பீட் போஸ்ட் வகை, வி-ல ஆரம்பிச்சாத்தான் இன்சூர் பண்ண கவர். ரெஜிஸ்டர்ங்கறது கையெழுத்து வாங்கிட்டு குடுப்பாங்கங்கற உறுதி மட்டும்தான், உள்ள இருக்கற பொருளோட விலைக்கு யாரும் பொறுப்பு கிடையாது.

தொலைஞ்சா எவ்வளவு கிடைக்கும்? வெளிநாட்டு ரெஜிஸ்டர் கவர் மொத்தமா காணாம போனா அந்த ஒப்பந்த கணக்குல 30 எஸ்டிஆர். எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப்ங்கற சர்வதேச நாணய நிதியம் வச்சிருக்கற ஒரு கணக்கு அலகு, ஒண்ணு ஒண்ணேகால் அமெரிக்க டாலருக்கு கொஞ்சம் மேல இருக்கும். ரூபாயில பாத்தா நாலாயிரம் பக்கம் வரும். பார்சல்னா ஒண்ணுக்கு 40 எஸ்டிஆர், அதோட கிலோவுக்கு நாலரை. ஒரு சவரன் எட்டு கிராம் தம்பி, எட்டு கிராமுக்கு கிலோ கணக்குல என்ன வரும்னு நீங்களே போட்டு பாருங்க. அந்த நாலாயிரமும் நிச்சயமில்ல, வைக்கக்கூடாத பொருளை வச்சிருந்தா நஷ்டஈடே கிடையாதுன்னு அதே ஒப்பந்தம் சொல்லுது.

தனியார் கூரியர்ல போட்டா?ன்னு அடுத்து கேப்பீங்க. அவங்க கண்டிஷன் பேப்பர்லயே ரொக்கம் எடுக்க மாட்டோம்னு இருக்கும், நகைக்கு பல பேரு முழு விலைக்கு பொறுப்பு எடுக்க மாட்டாங்க. மறைச்சு வச்சு அனுப்பி தொலைஞ்சா, பில்லுல "டிரஸ்"னு எழுதுனவரு நகைன்னு போய் கேக்கவே முடியாது.

நான் இருபது வருஷத்துக்கு மேல கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை பாத்தவன். ஒரு தடவை ஒரு அம்மா, மகன் அனுப்புன பெட்டிய அப்படியே தூக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. பெட்டி முழுசா இருக்கு, டேப் கூட ஒழுங்கா ஒட்டியிருக்கு. உள்ள புடவை மடிப்பு கலையல. புடவைக்குள்ள ஒரு சின்ன துணிப்பை, சுத்தி தையல் போட்டது, ஒரு ஓரத்துல மட்டும் தையல் பிரிஞ்சு நூல் தொங்குது, பை காலி. அந்த அம்மா அந்த நூலை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க. எங்க போச்சு, யார் எடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல. மகன்கிட்ட பேசி ஃபார்ம் காப்பிய வாங்கி பாத்தா, துணி, மதிப்பு 30 வெள்ளின்னு எழுதியிருக்காரு. துணி வந்து சேந்துருச்சு. என்னன்னு புகார் எழுதறது? ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சு பாத்தோம், ஒரு வரி கூட எழுத முடியல. அதுக்கப்புறம் யார் வந்து கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், பார்சல் மேல ஒட்டுற சிஎன்22, சிஎன்23ங்கற கஸ்டம்ஸ் ஃபார்ம்ல எதை உண்மையா எழுத முடியாதோ அதை உள்ள வைக்காதீங்க.

கார்பன் பேப்பர் கதைக்கு வருவோம். வெளிநாட்டுல இருந்து வர்ற பார்சல் இங்க கஸ்டம்ஸ் பாக்காம வெளிய போகாது. எக்ஸ்ரேல தங்கம் மாதிரி அடர்த்தியான உலோகம் அழுத்தமா கறுப்பா தெரியும், மைலோ பவுடர் நடுவுல செயின் வளைவு வளைவா அப்படியே விழும். கார்பன் பேப்பர் எதையும் மறைக்காது, இங்க என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னுதான் காட்டிக்குடுக்கும். பிரிச்சு பாக்க அவங்களுக்கு சட்டத்துல அதிகாரம் இருக்கு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை கை மாறுதுன்னு யோசிங்க, அங்க கவுன்ட்டர், சார்ட்டிங், விமான பை, இங்க இறக்குறது, கஸ்டம்ஸ், மறுபடி சார்ட்டிங், அப்புறம் ரயிலோ வண்டியோ, பட்டுக்கோட்டை தபால் ஆபீஸ், கடைசியா தெருவுக்கு வர்ற போஸ்ட்மேன். பெரும்பாலும் எல்லாரும் நேர்மையானவங்கதான், ஆனா ஒருத்தர் கை தவறினா போதும்.

"பெரிய பெரிய வைரமே தபால்ல போயிருக்கே"ன்னு ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணாரு. போயிருக்கு, உண்மைதான். 1958 நவம்பர்ல ஹோப் வைரத்தை நியூயார்க்ல இருந்து வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு ரெஜிஸ்டர் தபால்லதான் அனுப்புனாரு ஹாரி வின்ஸ்டன்ங்கற நகை வியாபாரி. மொத்த செலவு 145 டாலர் 29 சென்ட், அதுல தபால் கூலி வெறும் 2 டாலர் 44 சென்ட், மீதி அத்தனையும் 10 லட்சம் டாலருக்கு போட்ட இன்சூரன்ஸ். ஒரே நாட்டுக்குள்ள, இதுதான் பொருள்னு சொல்லி, முழு பொறுப்போட போன வைரம் அது. மைலோ டப்பாவோட அதை சேத்து பேச முடியாது.

சரி, இப்ப உங்க சீர் எப்படி போய் சேரணும்? பணத்துக்கு வழி ரொம்ப சுலபம். 2023 பிப்ரவரி 21ல சிங்கப்பூர்ல போன்லயே பணம் அனுப்புற பேநவ்வையும் நம்ம யுபிஐயையும் இணைச்சுட்டாங்க, ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி வரைக்கும் போகும். உங்க பிஓஎஸ்பி டிபிஎஸ் ஆப்ல இருந்தே அக்காவோட யுபிஐ ஐடிக்கு போடலாம், அக்காவுக்கு இந்தியன் பேங்க், ஐஓபி, ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ மாதிரி இந்த இணைப்புல சேந்த பேங்க்ல அக்கவுன்ட் இருக்கணும். ரெண்டு நாள்ல ரெண்டாயிரமும் போயிரும். முதல்ல பத்து வெள்ளி போட்டு அக்கா பேரு சரியா வருதான்னு பாத்துட்டு மீதிய போடுங்க. அது வேணாம்னா சிராங்கூன் ரோடு பக்கம் இருக்கற, எம்ஏஎஸ்ங்கற சிங்கப்பூர் மத்திய வங்கியோட லைசென்ஸ் வச்சிருக்கற பணம் அனுப்புற கடைக்கு போங்க, ரசீதை தூக்கி போட்டுராதீங்க. கூடப்பிறந்தவன் குடுத்தாலும் தாய்மாமன் குடுத்தாலும் வாங்குறவங்களுக்கு இந்தியாவுல வருமான வரி கிடையாது, அந்த பயம் வேணாம்.

உண்டியல்னு சொல்ற, லைசென்ஸ் இல்லாத ஆளுங்க வழியா அனுப்புறது வேணாம். ரேட்டு நாலு காசு கூட வரும், ராத்திரியே வீட்டு வாசல்ல கொண்டுவந்து குடுப்பாங்க, எல்லாம் தெரியும். ஆனா லைசென்ஸ் இல்லாத ஆள் வழியா வெளிநாட்டு பணம் வாங்குறதும் ஃபெமால குத்தம், விசாரணைன்னு வந்தா முதல்ல பதில் சொல்ல வேண்டியது பட்டுக்கோட்டையில இருக்கற உங்க அக்கா.

செயினை அங்க வாங்காதீங்க. அதுக்கும் சேத்து பணமா அனுப்பி, பட்டுக்கோட்டையிலயோ தஞ்சாவூர்லயோ அக்காவையே எடுக்க சொல்லுங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து ஹால்மார்க் நகையில ஹெச்யுஐடிங்கற ஆறு எழுத்து அடையாள நம்பர் கட்டாயம், அரசாங்கத்தோட பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரை போட்டா நகை விவரம் வந்துரும். கடையில இருந்தே அக்கா வீடியோ கால் போடட்டும், டிசைனை நீங்க பாத்து சொல்லுங்க, மாமன் பாத்து எடுத்த நகைதானே அது.

ஊருக்கு போற ஆள்கிட்ட குடுத்து விடலாமான்னா, அதுலயும் பாத்து நடங்க. ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு திரும்புற ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம் நகைக்கு சலுகை உண்டு, ஆனா அது அவங்கவங்க சொந்த சாமானுக்கு உண்டான சலுகை. அடுத்தவங்க சாமானை கூலிக்கு சுமந்து அடிக்கடி போய் வர்ற குருவிங்களுக்கு இது பொருந்தாது, திருச்சி ஏர்போர்ட்ல தங்கம் பிடிக்கறது எவ்வளவு சகஜம்னு உங்களுக்கே தெரியும். கூட வேலை பாக்குற பையன் தலையில அந்த சுமைய வைக்காதீங்க, இதை கெஞ்சியே கேட்டுக்கறேன்.

இன்னொன்னு, வீட்ல கண்டிப்பா சொல்லி வைங்க. "உங்க மகன் அனுப்புன பார்சல்ல டாலரும் தங்கமும் இருக்கு, கஸ்டம்ஸ்ல நிக்குது, உடனே பணம் கட்டுங்க, இல்லன்னா கேஸ்"னு போன் வரும். நிஜமாவே நீங்க அப்படி ஒண்ணு அனுப்பியிருந்தா அம்மா அதை நம்பிருவாங்க, பயந்து கட்டிருவாங்க. கஸ்டம்ஸ் யாரோட சொந்த அக்கவுன்ட்டுக்கும் பணம் போட சொல்லாது, அவங்க அனுப்புற கடிதத்துல டிஐஎன்னு ஒரு அடையாள நம்பர் இருக்கும், அதை சிபிஐசிங்கற மத்திய மறைமுக வரி, கஸ்டம்ஸ் வாரியத்தோட சைட்ல சரி பாக்கலாம். பணம் போயிருச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணணும்.

புடவை, பாப்பாவுக்கு பாவாடை சட்டை இதெல்லாம் தாராளமா பார்சல் போடுங்க. என்ன இருக்கோ அதை, என்ன விலையோ அதை எழுதுங்க. கிஃப்ட்னு எழுதுனா வரி இல்லங்கறது பழைய கதை, 2019 டிசம்பர்ல இருந்து ராக்கி கயிறு, உயிர் காக்கும் மருந்து தவிர அந்த சலுகை போயிருச்சு, அதனால டெலிவரி நேரத்துல வரி கட்ட அக்கா கையில கொஞ்சம் பணம் இருக்கட்டும், ரசீது வாங்கிக்க சொல்லுங்க.

உங்க ரூம்ல யாராவது ஏற்கனவே எதையாவது போட்டு அது வராம இருந்தா, ஊர்ல இருக்கறவங்க அலைய வேணாம், அனுப்புனவருதான் அங்க புகார் குடுக்கணும். போட்ட தேதியில இருந்து ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும். ரசீது, ஃபார்ம் காப்பி ரெண்டையும் எடுத்துட்டு போக சொல்லுங்க. பெட்டி கிழிஞ்சோ எடை குறைஞ்சோ ஊருக்கு வந்தா, பிரிக்கறதுக்கு முன்னாடி தபால் ஆபீஸ்லயே எடை போட்டு எழுதி வாங்கிக்கணும்னு வீட்டுக்கு இன்னைக்கே ஒரு போன் போட்டு சொல்லிருங்க.