சாஃப்ட்வேர் இருக்கட்டும், தண்டல் எடுக்கறத எப்ப நிறுத்தப் போறீங்க?

கேள்வி:

சார் வணக்கம். கடலூர் திருப்பாப்புலியூர்ல ஃபினாயில், ப்ளீச்சிங் பவுடர், சோப் ஆயில், மாப், துடைப்பம் எல்லாம் மொத்தமா சப்ளை பண்றேன். லாட்ஜ், ஹாஸ்பிட்டல், ஸ்கூல், கல்யாண மண்டபம்தான் கஸ்டமர். மாசம் 4 லட்சம் கிட்ட ஓடுது, தமிழ்நாட்டுல ஜிஎஸ்டி நம்பர் எடுத்திருக்கேன். கணக்கு எல்லாம் நோட்டுலயும் வாட்ஸ்அப்லயும்தான். ஆடிட்டர் ஆபீஸ்ல மாசாமாசம் திட்டு வாங்கறேன். ஆன்லைன் சாஃப்ட்வேர் வாங்கலாம்னு விசாரிச்சா ஒரு ஏஜென்ட் வந்து 3 வருஷ பேக்கேஜ் 45,000, இஎம்ஐ போட்டுக்கலாம், ஆப்லயே பிசினஸ் லோனும் கிடைக்கும்ங்கறாரு, 2,000 அட்வான்ஸும் குடுத்துட்டேன். கொஞ்ச நாளா கையில காசே நிக்கல. சரக்கு போட தண்டல்ல 1 லட்சம் எடுக்கறேன், பிடிச்சது போக 88,000 வரும், தினம் 1,000 வீதம் 100 நாள், இது மூணாவது ரவுண்டு. பாண்டி முத்தியால்பேட்டைல பெரிய மச்சான் கடை வச்சிருக்காரு, அவருக்கும் நம்ம சரக்குதான். அவர் பாக்கி ஒரு 2 லட்சம் இருக்கும், சரியா தெரியல. பொண்ணு மஞ்சள் நீராட்டுக்கு தாய்மாமன் சீர் அமோகமா செஞ்சவர், அவர்கிட்ட போய் பில்லு நீட்ட முடியாது. குறைஞ்ச செலவுல எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க. நோட்டுல ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்.

பதில்:

"மட்டும் சொல்லுங்க"ன்னு எழுதிட்டீங்க, ஆனா அதுக்கு முன்னாடி எழுதின நாலு வரியில வேற விஷயத்த எல்லாம் கொட்டிட்டீங்களே, அத பாத்துட்டு சும்மா சாஃப்ட்வேர் பேரு சொல்லிட்டு போனா நல்லா இருக்காது.

முதல்ல அந்த நோட்டு பக்கம். "லாட்ஜ் 6 கேன்", "மண்டபம் பாக்கி 3200", "பாண்டி 14 கேன்", அதுக்கு கீழ திரும்பவும் "பாண்டி 10 கேன் மாப் 2 டஜன்". மத்த ஆளுங்களுக்கு நேரா தொகை இருக்கு, சில இடத்துல தேதி கூட இருக்கு. பாண்டிக்கு நேரா மட்டும் தேதியும் இல்ல ரேட்டும் இல்ல. நீங்க வேணும்னு விட்டீங்களா தெரியாம விட்டீங்களான்னு உங்க மனசுக்குதான் தெரியும், ஆனா எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அந்த வரிய அதுல ஏத்த முடியாது, ஏன்னா அது கேக்கற முதல் ரெண்டு விஷயமே தேதியும் ரேட்டும்தான்.

இப்ப தண்டல். கைக்கு வர்றது 88,000, திருப்பி கட்டறது 1 லட்சம். 12,000தானே, 100க்கு 12 வட்டிதானேன்னு நினைச்சிட்டு இருக்கீங்க போல, அது 100 நாளைக்கு சார், வருஷத்துக்கு இல்ல. அதுவும் 88,000 முழுசா 100 நாளும் உங்க கையில இருக்கறதில்ல, மறுநாள்லேர்ந்தே திருப்பி குடுக்க ஆரம்பிச்சிடறீங்க, சராசரியா பாத்தா 44,000தான் உங்ககிட்ட இருக்கு. 44,000க்கு 100 நாள்ல 12,000 வட்டின்னா 27 சதவீதம். அதையே வருஷத்துக்கு இழுத்தா கிட்டத்தட்ட 100 சதவீதம், அதாவது அசலுக்கு அசல் வட்டி. மூணு ரவுண்டுல 36,000 போச்சு. ஏஜென்ட் 3 வருஷத்துக்கு கேக்கற காசு 45,000ன்னு யோசிக்கறீங்களே, அதுல முக்காலுக்கு மேல தண்டல்காரருக்கு ஒரே வருஷத்துல அழுதாச்சு. இத்தனைக்கும் 2003லயே தமிழ்நாட்டுல அதிக வட்டி தடை சட்டம் வந்து, கந்து வட்டி, மீட்டர் வட்டியோட தண்டலையும் சேர்த்துதான் தடை பண்ணிருக்காங்க. ஆனாலும் காலையில ஆறு மணிக்கு வண்டியில வந்து நிக்கற ஆள் நிக்கத்தான் செய்யறாரு. வாங்கறவங்க இருக்கற வரைக்கும் வருவாரு.

நீங்க ஏன் தண்டல் எடுக்கறீங்க? சரக்கு போட காசு இல்ல. ஏன் இல்ல? 2 லட்சம் முத்தியால்பேட்டைல இருக்கு. உங்க காச மச்சான் கடையில வட்டி இல்லாம வச்சிட்டு, அந்த ஓட்டைய அடைக்க 100 சதவீத வட்டிக்கு வெளியில வாங்கறீங்க. உங்க பிரச்சனை இவ்வளவுதான், சாஃப்ட்வேர் இதுல எங்கயும் இல்ல.

சீர் செஞ்சாரு, சரி, மறுக்கல. தாய்மாமன் சீர்னா நம்ம பக்கம் எப்படி செய்வாங்கன்னு எனக்கும் தெரியும், அதுக்கு நன்றி இருக்கணும். ஆனா உங்க தொழில்ல எல்லா செலவும் போக 100க்கு 12 ரூபா நின்னா பெருசு. 2 லட்சம் வராம போச்சுன்னா அத ஈடு கட்ட 16, 17 லட்சத்துக்கு வியாபாரம் பண்ணனும், அதாவது நாலு மாசம் சும்மா ஓடணும். சீருக்கு பதில் மரியாதை செய்யணும்னா அவர் வீட்டு விசேஷத்துல கை நிறைய செய்யுங்க, ஃபினாயில் கேன்ல செய்யாதீங்க.

இதுல நீங்க கவனிக்காத இன்னொண்ணு இருக்கு, இதுக்குதான் எனக்கு நிஜமாவே கவலை. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூட தேறாது, காலையில போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடலாம், அதனால அது வேற ஊருன்னே நமக்கு தோணறதில்ல. ஆனா ஜிஎஸ்டி மாநில கோடுல நீங்க 33, அவர் 34. எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டிட்டா அது வேற மாநிலத்துக்கு விக்கற சரக்கு, ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஜிஎஸ்டி, போட்டு பில் அடிக்கணும். வண்டியில 50,000க்கு மேல சரக்கு இருந்தா, சரக்கு ஏத்திட்டு போக ஆன்லைன்ல எடுக்கற ஈ-வே பில்லும் வேணும். அதுக்கு கீழன்னா ஈ-வே பில் வேணாம், ஆனா சாதா பில் இல்லாம போகக்கூடாது. குட்டி யானையில 40,000 ரூபா சரக்கு பில் இல்லாம போய் மடக்கினாங்கன்னா, 18 சதவீதம் வச்சு பாத்தா வரி 7,200, அபராதம் அதுல 200 சதவீதம், 14,400. அந்த ட்ரிப்புல உங்க லாபம் 4,800 கூட இருக்காது.

மடக்கலன்னு வச்சுக்கோங்க, அப்பவும் விட்டுப் போகாது. நீங்க கம்பெனிலேர்ந்து வாங்கறது பில்லோட வாங்கறீங்க, வாங்கறப்ப கட்டின வரிய உள்வரியா கழிச்சுக்கறீங்க. பாண்டிக்கு போறது பில் இல்லாம போகுது. அப்ப புஸ்தகத்துல சரக்கு ஏறிட்டே போகும், குடோன்ல இருக்காது. நாளைக்கு ஆபீசர் வந்து ஸ்டாக் எண்ணினா என்ன சொல்வீங்க? 2 லட்சம் சரக்குக்கு வரி மட்டும் 36,000, அதுக்கு வருஷம் 18 சதவீத வட்டி, மேல அபராதம். அதான் ஆடிட்டர் ஆபீஸ்ல திட்டறாங்க, பாவம் அவங்க வயித்தெரிச்சல் அவங்களுக்கு.

மச்சான்கிட்ட எப்படி பேசறதுன்னுதானே யோசனை? பாக்கி குடுங்கன்னு ஆரம்பிக்காதீங்க. "ஆடிட்டர் விட மாட்டேங்கறாரு, இனிமே பில் இல்லாம வண்டி ஏத்த முடியாது மச்சான்"னு ஆடிட்டர் தலையில போடுங்க, அதுக்குதானே ஃபீஸ் குடுக்கறோம். அவருக்கு ஜிஎஸ்டி நம்பர் இருந்தா பில் போடறதுல அவருக்கு நஷ்டமே இல்ல, நீங்க போடற ஐஜிஎஸ்டிய அவர் உள்வரியா எடுத்துக்கலாம். ஆனா பில் தேதிலேர்ந்து 180 நாளுக்குள்ள உங்களுக்கு காசு குடுக்கலன்னா எடுத்த உள்வரிய அவர் வட்டியோட திருப்பி கட்டணும், இது சட்டத்துலயே இருக்கு. நீங்க கேக்க கூச்சப்படற விஷயத்த சட்டமே கேக்குது, அத சும்மா போற போக்குல சொல்லி வைங்க. நம்பர் இல்லன்னா இன்னொண்ணு சொல்லுங்க: தமிழ்நாட்டுல சரக்கு வியாபாரத்துக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் பதிவு வேணாம்ங்கறத கேட்டுட்டு பாண்டிலயும் அதேதான்னு நிறைய பேர் இருக்காங்க, புதுச்சேரிக்கு அந்த லிமிட் 20 லட்சம்தான். முத்தியால்பேட்டைல ஓடற கடைக்கு 20 லட்சம்ங்கறது பெரிய தொகை இல்ல.

பழைய பாக்கிக்கு ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தொகைய முடிவு பண்ணுங்க, 1.90 ஆ இருந்தாலும் சரி 2.20 ஆ இருந்தாலும் சரி, வாரம் 5,000னு வாங்குங்க. பத்து மாசத்துல முடிஞ்சிடும். அதுக்கு எப்படி பில் போடறது, எந்த மாச ரிட்டர்ன்ல காட்டறதுன்னு ஆடிட்டர்கிட்ட மறைக்காம சொல்லி செய்ங்க. புதுசா போற சரக்குக்கு, முந்தின லோடு காசு வந்தா அடுத்த லோடு. வீட்டம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, அவங்க அண்ணன்கிட்டேர்ந்து ஃபோன்ல கேள்விப்பட்டா அது வேற பஞ்சாயத்து.

சரி, சாஃப்ட்வேர். ஏஜென்ட் சொன்ன 45,000 வேணவே வேணாம். எந்த ஆன்லைன் சாஃப்ட்வேருக்கும் 3 வருஷம் முன்பணம் கட்டாதீங்க, வருஷாவருஷம் கட்டுங்க. குவிக்புக்ஸ்னு உலகம் பூரா ஓடற சாஃப்ட்வேர், 2023ல இந்தியா வேணாம்னு கடைய கட்டிட்டு போயிட்டாங்க, அவ்வளவு பெரிய ஆளே போறப்ப இந்த ஏஜென்ட் கம்பெனி 3 வருஷம் இருக்கும்னு யார் கேரன்ட்டி? அந்த ஆப் லோன் இருக்கே, அது இஸ்திரி சட்டை போட்ட தண்டல், வேற ஒண்ணும் இல்ல. மாசம் ஒன்றரை வட்டி ஃப்ளாட்னு சொல்லுவாங்க, ஃப்ளாட்னா அசல் குறைஞ்சாலும் வட்டி முழு தொகைக்கேதான், ஒரு வருஷ தவணைக்கு நிஜ வட்டி 30க்கு மேல போயிடும், ப்ராசசிங் ஃபீஸ் தனி.

உங்க சைஸுக்கு மூணு வழி இருக்கு. வியாபார் மாதிரி மொபைல் பில்லிங் ஆப், வருஷம் சில ஆயிரத்துல முடியும், கவுன்ட்டர்ல பில் போட சுலபம். ஜோஹோ புக்ஸ், நம்ம ஊர் கம்பெனி, ப்ரவுசர்லயே வேலை செய்யும், அதுல இலவச பிளான் சின்ன டர்ன்ஓவர் காரங்களுக்கு மட்டும்தான், வருஷம் 48 லட்சம் ஓட்டற உங்களுக்கு பொருந்தாது, காசு குடுக்கற பிளான்ல கீழ் படியே போதும், வருஷம் பத்தாயிரத்துக்கு முன்ன பின்ன வரும். டேலி, ஒரே தடவை வாங்கற சில்வர் லைசென்ஸ் 22,500, ஜிஎஸ்டி சேர்த்து 26,550, ஆனா அது கம்ப்யூட்டர்ல போட்டுக்கற சாஃப்ட்வேர், நீங்க கேட்ட மாதிரி முழு ஆன்லைன் இல்ல. விலை அப்பப்ப மாறும், வாங்கற அன்னைக்கு பாத்துக்கோங்க.

மூணுல எதுன்னு என்ன கேக்கறத விட ஆடிட்டர் ஆபீஸ்ல கேளுங்க, ரிட்டர்ன் போடறது அவங்கதான், அவங்களால திறக்க முடியாத சாஃப்ட்வேர நீங்க வாங்கி என்ன பிரயோஜனம். இலவச ட்ரையல்ல ரெண்டே விஷயம் செஞ்சு பாருங்க. பாண்டி கஸ்டமர் ஒருத்தர போட்டு பில் அடிச்சா தானா ஐஜிஎஸ்டி வருதா, கடலூர் கஸ்டமருக்கு சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு மத்திய, மாநில வரியா பிரியுதா? அப்புறம் யார் பாக்கி எத்தனை நாளா நிக்குதுன்னு 30, 60, 90 நாள்னு பிரிச்சு காட்டுதா? கூடவே, நம்ம டேட்டா மொத்தத்தையும் எக்செல்ல இறக்கிக்க முடியுதான்னும் பாத்துடுங்க. மத்த ஏஐ, டேஷ்போர்டு, கலர் கலரா வட்டம் எல்லாம் இருந்தா இருக்கட்டும், அதுக்குன்னு பத்து பைசா கூட குடுக்காதீங்க.

பாக்கி லிஸ்ட்ட வாரம் ஒரு நாள் திறந்து பாத்து ஃபோன் அடிக்கற பழக்கம் வரலன்னா நோட்டே போதும்.

மூணாவது ரவுண்டு தண்டல் எப்ப முடியுதுன்னு எழுதல. முடியற அன்னைக்கு நாலாவது எடுக்காதீங்க. தினம் 1,000 எடுத்து வைக்க முடியும்னு நீங்களே 200 நாளுக்கு மேல காட்டிட்டீங்க, அதே 1,000த்த தனி பேங்க் அக்கவுன்ட்ல போட்டுட்டு வாங்க, 88 நாள்ல அதே 88,000 உங்க சொந்த காசா நிக்கும். நடுவுல சரக்குக்கு முட்டுச்சுன்னா பேங்க்ல முத்ரா லோன் கேளுங்க, கிஷோர் பிரிவுல 5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம குடுக்கறாங்க. 12 சதவீதம்னே வச்சாலும், தண்டல்ல சராசரியா உங்ககிட்ட இருந்த அதே 44,000க்கு வருஷ வட்டி 5,280தான். ஆனா மேனேஜர் கேக்கப்போறது உங்க ஜிஎஸ்டி ரிட்டர்னையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும். பில் இல்லாம பாண்டிக்கு போன சரக்கு எதுலயும் தெரியாது, உங்க வியாபாரம் சின்னதாதான் தெரியும், லோனும் சின்னதாதான் வரும்.

அந்த 2,000 அட்வான்ஸ ஏஜென்ட்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துல திருப்பி கேளுங்க. தந்தா சரி, தரலன்னா விட்டுத்தள்ளுங்க, 2,000 போச்சேன்னு மீதி 43,000த்தையும் கொண்டு போய் குடுத்துடாதீங்க. சாஃப்ட்வேர் ஆரம்பிக்க ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேணாம், அடுத்த மாசம் 1ந்தேதி எல்லார் பாக்கியையும் ஓபனிங் பேலன்ஸா ஏத்திட்டு ஆரம்பிங்க, மச்சான் பேரையும் சேர்த்து.