நீலகிரியில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

"ஊட்டிப் பக்கம் என்றாலே கான்வென்ட்தானே, அரசுப் பள்ளியிலும் பிள்ளைகள் படிக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலில் மலைக்கு வருகிறீர்கள், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று குழப்பம் போலிருக்கிறது.

நான் படித்தேன். குன்னூரில், 1984 முதல் 1991 வரை.

வெளியூர்க்காரர்களுக்கு மலைப் பள்ளி என்றால் லவ்டேல் லாரன்ஸ்தான். அது 1858-இல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. கொடைக்கானல் இன்டர்நேஷனல் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக வந்தது. எங்கள் கதை வேறு. அப்பா சிலோனிலிருந்து வந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானதில்லையா, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. வகுப்பில் எங்களைப் போன்ற லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகள், ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான். படுகு, கன்னடம், மலையாளம், சிலோன் தமிழ் எல்லாம் காதில் விழும்.

ஐப்பசி மழையில் கரும்பலகை வேர்த்து நிற்கும். சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதாது, வழுக்கும். கணக்கு வாத்தியார் சாக்பீஸ் பெட்டியை நீட்டி, "ஆயாகிட்ட சொல்லி அடுப்போரம் வச்சு எடுத்துட்டு வாடா" என்பார். சத்துணவுக்கூட அடுப்பில் ஐந்து நிமிடம் கையையும் காய வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் இல்லாத பையனாகப் பார்த்துத்தான் அனுப்புவார். ஏழாம் வகுப்பு முழுக்க நான்தான் போனேன். இப்போது மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசே ஸ்வெட்டர் கொடுக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

கான்வென்ட்டில் படித்தவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கிலீஷ் தடங்கலில்லாமல் பேச எனக்குப் பத்து வருடம் ஆனது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் "அரசுப் பள்ளியா, பாவம்" என்று ஒருவர் உச்சுக்கொட்டினால் என்னால் சும்மா இருக்க முடியாது. என் மகளும் அரசுப் பள்ளியில்தான் படித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீடு பார்க்க மே மாதத்தில் வராதீர்கள். சீசன் நேரத்தில் அப்பாவை நெஞ்சுவலியோடு கோவைக்குக் கூட்டிப்போனோம். பர்லியாறு பக்கம் இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. முன்னால் நின்ற காரிலிருந்து இறங்கிக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கச் சொன்னதற்கு, "நாங்களும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கோம்" என்றார்கள். இங்கே குடியிருக்கிறவனுக்கும் அவசரம் வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஏப்ரலிலேயே வந்து வேலையை முடித்துவிடுங்கள்.